பழைய கார் எஞ்சினின் அலுமினியப் பாகங்கள்: வெள்ளைப் பூ, கறுப்பு, குழி, மங்கல் – எதற்கு என்ன செய்வது

பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் முதலில் வரும் ஆசை, அலுமினியப் பாகங்களைக் கண்ணாடி மாதிரி மின்ன வைத்துவிட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையைக் கொஞ்சம் ஓரங்கட்டி வையுங்கள். பிரீமியர் பத்மினி காரின் ஹெட்டோ (சிலிண்டர்களின் மேல் உட்காரும் மூடி) பழைய மாருதி 800-இன் ஹெட்டோ தொழிற்சாலையிலிருந்து மின்னிக்கொண்டு வரவில்லை. வார்ப்பின் சொரசொரப்போடு, வெளிர் சாம்பல் நிறத்தில் மங்கலாகத்தான் வந்தது. கேஸ்கட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒழுக்கை அடைக்கும் தகடு) உட்காரும் முகம் மட்டும் மெஷின் போட்டு வழவழப்பாக இருக்கும். பாலிஷ் என்பது உலோகத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை, எடுத்தது திரும்ப வராது. அதனால் மேலே தெரிவது என்ன, அது எதனால் வந்தது என்று பார்த்துவிட்டுக் கையை வைப்பதுதான் என் கட்சி. கீழே உள்ளவற்றில் உங்கள் பாகத்துக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இது அலுமினியம்தானா?

வெள்ளையாக, காந்தம் ஒட்டாமல் இருப்பதெல்லாம் அலுமினியம் அல்ல. பழைய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. அதில் அலுமினியம் என்று எஸ்.யூ. கார்புரேட்டர் மாதிரிச் சில துண்டுகள்தான் கிடைக்கும். சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்களின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. அலுமினியம், துத்தநாகம், மெக்னீசியம் மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மருந்து மூன்றுக்கும் வேறு.

சந்தேகம் என்றால் எடை போட்டுப் பாருங்கள். போல்ட், புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாகத்தை ஒரு தொங்கு தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தராசில் நூல் கட்டி, வாளித் தண்ணீரில் அடியைத் தொடாமல் முழுக விட்டு எடை பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அதைக் கொண்டு முதல் எடையை வகுத்தால் விடை வந்துவிடும். 2.7-ஐ ஒட்டி வந்தால் அலுமினியம். 1.8 பக்கம் வந்தால் மெக்னீசியம். 6-ஐத் தாண்டினால் துத்தநாகக் கலவை. மெக்னீசியம் என்று தெரிந்தால் கிரைண்டர், பஃபிங் (சுழலும் துணிச் சக்கரத்தில் போடும் பாலிஷ்) எதுவும் வேண்டாம். அதன் தூள் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

சில பாகங்களில் அனோடைஸ் பூச்சு (மின்சாரம் செலுத்தித் தடிப்பாக்கிய ஆக்சைடு தோல்) இருக்கலாம். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, இரண்டு முனையையும் கீறாமல் மேற்பரப்பில் வையுங்கள். பீப் சத்தம் வராவிட்டால் மேலே அனோடைஸோ நிறமற்ற வார்னிஷோ இருக்கிறது. அதைப் பளபளப்பாக்க முயன்றால் பூச்சுதான் போகும்.

"வெள்ளையாப் பூ பூத்திருக்கு"

டெல்டாவின் கிழக்குப் பக்கத்து வண்டிகளுக்கு இது கூடவே பிறந்தது. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் ஷெட்டில் நின்ற கார் என்றால் பானட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உண்டு, அதுதான் அதற்குக் காப்பு. கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே ஓட்டை போடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த ஓட்டை வழியாக உலோகம் கரைந்து வெள்ளைப் பொடியாக வெளியே தள்ளும். 2018 நவம்பரில் கஜா அடித்து, கூரை போன கொட்டகைகளில் நின்ற வண்டிகளில் இதை ஏராளமாகப் பார்க்கலாம்.

பொடியை முதலில் உலர்ந்த நைலான் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தேய்த்துக் கழுவுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பதற்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துப் போர்த்தி, ஐந்து நிமிடம் விட்டு பிரஷ் போடுங்கள்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. கடைமடை ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் அலசிக் காயவைத்தால், எந்த உப்பை எடுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே திரும்பப் பூசிவிட்டோம். ஒரே வாரத்தில் பூ மறுபடி வரும். மழைத்தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இவற்றில் ஒன்றில் கடைசி அலசல் நடக்கட்டும். உடனே துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ முழுக்க உலர்த்துங்கள். போல்ட் துளைகளுக்குள் தேங்கிய நீரை ஏர் அடித்து வெளியேற்ற வேண்டும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்குப் போடச் சொல்பவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதாவது அதே குளோரைடு. இரண்டு நிமிடம் வெள்ளை வெளேரென்று அழகு காட்டும், பிறகு குழி விழும். அலாய் வீல் கிளீனர்களில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். அது தோலில் பட்டால் முதலில் வலிக்காது. சில மணி நேரம் கழித்து வலி தெரியும்போது உள்ளே சதைவரை போயிருக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

"கழுவினதும் கறுத்துப் போச்சு"

இட்லிப் பானையின் உள்பக்கம் கறுக்காமல் இருக்க அடித்தண்ணீரில் ஒரு துண்டு புளி போடுவார்கள் இல்லையா, அங்கே நடக்கும் அதே சங்கதிதான் இது. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று காஸ்டிக் சோடா, சலவை சோடா, கேஸ் ஸ்டவ் பர்னர் கழுவும் கடும் திரவம், அடுப்புச் சாம்பல் என்று எதைப் போட்டிருந்தாலும் முடிவு இதுதான். எஞ்சின் பாகங்கள் சுத்த அலுமினியம் அல்ல. வார்ப்புக்காகச் சிலிக்கான் சேர்த்திருப்பார்கள், கூடவே தாமிரமும் இரும்பும் கொஞ்சம் இருக்கும். காரம் அலுமினியத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போகும். கரையாத மற்றவை மேலே கரிபோலத் தங்கிவிடும்.

விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் இதுதான். ஒட்டாவிட்டால் அது கருகிய எண்ணெய், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், இரண்டு மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். பாகத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, சாம்பல் நிற மென்மையான ஸ்காட்ச்பிரைட்டால் தேயுங்கள். காரத்தின் மிச்சத்தை எலுமிச்சை உப்பு முறித்துவிடும். சிலிக்கான் கரி மட்டும் அதில் கரையாது, கைத்தேய்ப்பில்தான் போகும். பொறுமை வேண்டும். முலாம் பட்டறைகளில் இதற்கு நைட்ரிக் ஆசிட்டோடு ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் கலந்து அதில் முக்கி எடுப்பார்கள், சட்டென்று வெளுக்கும். ஆனால் அதை வீட்டுக் கொல்லையில் செய்யாதீர்கள். பாகத்தை அங்கே கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

காஸ்டிக்கில் ஊறப் போட்டபோது நுரைத்துக் கொதித்தது என்றால் அது ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு. அந்தக் கொதிப்பில் உலோகமும் கரைந்திருக்கிறது. அப்படி ஊறிய பாகத்தில் துளை இழைகளையும் கேஸ்கட் முகத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

"தேன் நிறத்தில் கறை, எதுக்கும் போகல"

சூட்டில் வெந்து வார்னிஷ் ஆன எஞ்சின் ஆயில். ஒரு டிரேயில் டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான், இப்போது அது கிடைப்பது அரிது. காலையில் மூங்கில் சிம்பைச் சீவிக் கூராக்கிச் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அதன் கீறல் கறையைவிட அசிங்கம். மிச்சத்துக்குக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. பெட்ரோலில் கழுவும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் வெல்டிங் நடக்கும் இடத்தில் அதைச் செய்பவர்களைப் பார்த்தால் நான் வெளியே போய்விடுவேன்.

"பாலிஷ் போட்டும் கோடு தெரியுது, மூட்டமா இருக்கு"

எல்லாம் பளபளக்க வேண்டாம் என்று சொன்னாலும், சில பாகங்களுக்குப் பாலிஷ் நியாயமானதுதான். எஸ்.யூ. கார்புரேட்டரின் மேல் குப்பி அப்படி ஒன்று. ஆனால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் அந்தக் குப்பியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த ஜோடி. உள்ளே உப்புத்தாளோ பாலிஷோ பட்டால் காற்று ஒழுகி, எஞ்சின் ஒழுங்காக ஐடில் ஆகாது. இரண்டு கார்புரேட்டரைச் சேர்த்துக் கழற்றினால் குப்பிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கோடு தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவில் ஒரு நம்பரைத் தாண்டியிருப்பீர்கள். வார்ப்புச் சொரசொரப்பை எடுக்க 220 அல்லது 320-இல் ஆரம்பித்தால், 400, 600, 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய நம்பரின் கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போனபிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஈரத்தில் எல்லாமே வழவழப்பாகத்தான் தெரியும். துடைத்து, உலரவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அப்போது கோடு அகப்படும். 1500-க்குப் பிறகும் 400-இன் கோடு கண்ணில் பட்டால் பஃபிங் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், கோட்டின் விளிம்பு மழுங்குமே தவிர கோடு போகாது. 400-க்கே திரும்பிப் போங்கள்.

பேப்பரில் அலுமினியம் அப்பிக்கொண்டு, அந்தக் கட்டியே புதுக் கீறல் போடும். தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்பு விட்டால் அப்புவது குறையும். சாதாரண கிரைண்டர் கல்லில் அலுமினியத்தை வைக்கவே கூடாது. உலோகம் கல்லின் துளைகளில் ஏறி, சூடாகி, கல் வெடித்துச் சிதறலாம்.

பஃபிங்குக்கு நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளிலும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வேலைக்காரர்களிடமும் கை சுத்தம் அப்படி. ஆனால் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"அண்ணே, இதுக்குத் தனிச் சக்கரம் இருக்கா?"

"பித்தளை போடுறதுலயே போட்டுத் தரேன் தம்பி, நல்லாத்தான் வரும்."

வரும். அன்றைக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் துணிச் சக்கரத்தில் ஏறியிருக்கும் பித்தளைத் துகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துவிடும். தாமிரமும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி நின்றால் குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். மழைக்காலம் முடிவதற்குள் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். புதுத் துணிச் சக்கரத்தையும் அலுமினியத்துக்கான வெள்ளை பஃபிங் சோப்புக் கட்டியையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். காசு கொஞ்சம்தான். அப்படியே கேஸ்கட் உட்காரும் முகங்களில் டேப் ஒட்டி, "இங்க தொடாதீங்க" என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். சக்கரம் ஓரங்களை உருட்டிவிட்டால் ஆயில் ஒழுக்கு நிரந்தரம்.

மூட்டம் வேறு விஷயம். அது சோப்பின் மெழுகு. சக்கரத்தில் கட்டியை அதிகம் அழுத்தினாலோ, ஒரே இடத்தில் நிறுத்திச் சூடேற்றினாலோ மெழுகு பரப்பில் படிந்து மங்கலாக நிற்கும். கொஞ்சம் மைதா மாவைத் தூவி, சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தால் மாவு மெழுகை இழுத்துக்கொள்ளும். மூலைகளில் இருப்பதை வெந்நீர்ச் சோப்பில் கழுவி எடுங்கள்.

துணி எவ்வளவு துடைத்தாலும் கறுப்பாகவே வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, பாலிஷ் எடுத்த அலுமினியத்தின் நுண்துகள். தேய்க்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

இரும்பு தேய்க்கும் இடத்திலேயே அலுமினியத்தையும் பஃப் போடாதீர்கள். துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்து கிடக்கும் இடத்தில் கிரைண்டர் பொறி விழுந்தால் தண்டவாளம் பற்றவைக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் தூளைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

"பிளாஸ்ட் பண்ணினது திட்டுத் திட்டா இருக்கு"

கண்ணாடி மணி பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் நுண்ணிய கண்ணாடி மணிகளை அடித்துச் சுத்தம் செய்வது) முடிந்த பாகம் ஒரே சீரான வெள்ளி நிறத்தில் வரும், ஆனால் தோல் திறந்துகிடக்கும். வெறுங்கையால் தொட்டால் விரல் ரேகை எண்ணெயோடு உள்ளே இறங்கும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். திட்டு விழுந்துவிட்டால் வெந்நீர்ச் சோப்பு, பிறகு தின்னர். அதிலும் போகாவிட்டால் இன்னொரு முறை லேசாக பிளாஸ்ட் செய்வதுதான் வழி. தண்ணீரோடு கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் கிடைத்தால் அதுவே மேல். தொழிற்சாலை வார்ப்பின் மங்கல் நிறத்துக்கு அதுதான் கிட்டே வரும், அழுக்கும் சீக்கிரம் ஏறாது.

ஆற்று மணலை அடிக்கும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். பரப்பு கொத்திய அம்மி மாதிரி ஆகிவிடும். அதைவிட, மணலின் சிலிக்காத் தூசி அங்கே வேலை செய்பவரின் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் கொண்டுவரும், அதற்கு மருந்து கிடையாது.

எந்த பிளாஸ்டிங்காக இருந்தாலும் ஆயில் வழிகளில் மணி தங்கும். ஒரே ஒரு மணி பேரிங்குக்குள் போனால் போதும், செய்த வேலையெல்லாம் வீண். ஆயில் காலரியின் பிளக்குகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீர், ஏர், மறுபடி சோப்பு, மறுபடி ஏர். வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்து, ஒன்றும் விழாத நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். சுழலும் ஸ்காட்ச்பிரைட் டிஸ்க்குகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதிலிருந்து உதிரும் துகள் எமரி மாதிரியே கடினமானது.

"தண்ணி வழியைச் சுத்திக் குழி விழுந்திருக்கு"

பத்மினியிலும் பழைய மாருதியிலும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். நடுவில் ரேடியேட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் உப்புப் போர்த் தண்ணீராக இருந்தால், வருஷக்கணக்கில் அலுமினியம்தான் தன்னைக் கொடுத்துக் கரையும். ஹெட்டைத் திருப்பிப் போட்டால் தண்ணீர்த் துளைகளின் ஓரம் எலி கடித்தது போலத் தெரியும்.

குழியின் விளிம்பிலிருந்து கேஸ்கட்டின் சிலிண்டர் வளையம் உட்காரும் இடம்வரை இன்னும் நல்ல உலோகம் இருந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் தப்பிக்கலாம். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அந்த எஞ்சினின் மேனுவலில் வரம்பு உண்டு, அதைத் தாண்டக் கூடாது. குழி வளையத்துக்கு அடியில் போய்விட்டால் டிக் வெல்டிங் போட்டு நிரப்பி மெஷின் செய்ய வேண்டும். அதுவும் பழைய எண்ணெய் ஊறிய வார்ப்பில் வெல்டிங் பிடிக்க, கை தேர்ந்த ஆள் வேண்டும். எபாக்சி பசை அப்புவது வெளிப்புறத்துக் குழிக்குச் சரி. கேஸ்கட் முகத்துக்கு அது கண்துடைப்பு.

அழகுக்காகக் குழியைத் தேய்த்து எடுக்க நினைத்தால், குழியின் ஆழம் அளவுக்குச் சுற்றியுள்ள உலோகம் முழுவதும் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஊசி நுனியை விட்டுப் பாருங்கள். நுனி சிக்கி நின்றால் அப்படியே விட்டுவிடலாம். இனிமேலாவது கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

"மஞ்சளா ஒரு படலம், தோல் மாதிரி உரியுது"

யாரோ எப்போதோ அடித்த கிளியர் லேக்கர். சூட்டில் மஞ்சளாகி, கீறிய இடத்தில் ஈரம் புகுந்து, அடியில் நூல் நூலாக அரித்திருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி எடுங்கள். வாங்கும்போது காஸ்டிக் கலக்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடாகும் பாகத்துக்கு மறுபடி லேக்கர் அடிக்க வேண்டாம்.

"துரு நிறத்தில் புள்ளி புள்ளியா"

அலுமினியம் துருப்பிடிக்காது. இரும்பு வயர் பிரஷ்ஷின் துணுக்குகள் பதிந்து, துருப்பிடிப்பது அவைதான். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். வயர் பிரஷ் கட்டாயம் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் ஒன்றை அலுமினியத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

"ஒரு வாரத்துல மங்கிப் போச்சு"

மின்னும் அலுமினியம் மங்குவது அதன் இயல்பு. தள்ளிப்போடத்தான் முடியும். பாலிஷ் முடிந்ததும் மிச்சத்தை முழுக்கக் கழுவி உலர்த்தி, கார்னாபா மெழுகு மெலிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். எக்ஸாஸ்டை ஒட்டிய இடத்தில் மெழுகு நிற்காது, அங்கே மினுக்கத்தை மறந்துவிடுவதே மேல். வண்டியை மூடும் உறை பிளாஸ்டிக் தார்ப்பாயாக இருக்கக் கூடாது, உள்ளே வியர்த்து எல்லாம் பூத்துவிடும். பருத்தி உறை போதும்.

"ஸ்டட் அசையவே மாட்டேங்குது"

இது பளபளப்புப் பிரச்சினை இல்லை. ஆனாலும் பாகத்தைக் கழற்றினால்தானே மற்ற வேலை! ஸ்டீல் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) அலுமினியத் துளையும் சேர்ந்து அரித்து, வெள்ளை ஆக்சைடு இடுக்கில் உப்பி இறுகியிருக்கும். 100 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும், ஸ்டீல் 1.2-தான். அதனால் சூடு நமக்குத் துணை. முதலில் கொதிக்கும் நீரை ஸ்டட்டைச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கேஸ் டார்ச், ஸ்டட்டின் மேல் அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்தின் மேல், ஓரிடத்தில் நிறுத்தாமல். அலுமினியக் கலவை 600 டிகிரியை ஒட்டி உருகிவிடும். இரும்பு மாதிரி சிவந்து முன்கூட்டியே சொல்லாது, சட்டென்று தொய்ந்து விழும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, இரண்டு நட்டைச் சேர்த்து இறுக்கிப் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் ஸ்டட் ஒடியும்.

திரும்ப மாட்டும்போது இழையில் ஆன்டி-சீஸ் (இழை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) மெலிதாகத் தடவுங்கள். அது தடவிய இழை வழுக்கும். மேனுவலில் உலர்ந்த இழைக்குச் சொன்ன டார்க்கை (முறுக்கி இறுக்கும் அளவை) அப்படியே வைத்தால் அளவுக்கு மீறி இறுகி, அலுமினிய இழை பிடுங்கிக்கொண்டு வரும். டார்க்கைக் குறைக்க வேண்டும். ஹெட் ஸ்டட்டுகளுக்கு மட்டும் ஆன்டி-சீஸ் வேண்டாம், மேனுவல் எந்த எண்ணெயைச் சொல்கிறதோ அது மட்டும்.